மூன்று வருடமாக ஒரே கார் சீட்: ஒரு வேளச்சேரி அம்மாவின் அனுபவம்

குழந்தையை உட்காரவைத்துப் பட்டை மாட்டும் இந்த கார் சீட்டை மகளுக்கு நாலு மாதம் ஆனபோது வாங்கினோம். இப்போது மூன்றரை வயது. வாராவாரம் தாம்பரத்தில் அம்மா வீடு, பண்டிகைக்குத் திண்டிவனம், இதுதான் எங்கள் ஓட்டம்.

எங்கள் பழைய காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை சீட்டை நேராக காரிலேயே மாட்டும் கொக்கி, இல்லை. கார் பெல்ட்டால்தான் சீட்டைக் கட்ட வேண்டும். மூன்றாவது வாரம் விஜயநகர் அருகே ஓர் ஆட்டோ குறுக்கே வர, என் கணவர் பிரேக் போட்டார். சீட் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

அன்று சாயங்காலமே கையேட்டை விரித்துவைத்து மறுபடி மாட்டினோம். சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துக்கொண்டே பெல்ட்டை இழுக்க வேண்டும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அப்புறம் குழந்தையின் தோள் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் வழுக்கினால் சரி. தெருமுனைக்குப் போனாலும் நான் இதை விடுவதில்லை.

"ஏம்மா, என் மடியில வச்சுக்கிட்டா நான் விட்டுடுவேனா?" என்று அத்தை வருத்தப்பட்டார். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் குழந்தையின் எடை அந்தக் கணத்தில் இருபது, முப்பது மடங்காகத் தெரியும். "பத்துக் கிலோ பாப்பா எட்டு சிப்பம் அரிசி ஆயிடுவா அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போதெல்லாம் பக்கிள் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டால்தான் வண்டியை எடுக்க விடுகிறார்.

13 கிலோ வரும்வரை பின்பக்கம் பார்த்தபடியேதான் உட்கார வைத்தோம். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து இளசு. திடீரென வண்டி நின்றால் சீட்டின் முதுகே தலையையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவின் ஆர் 129 விதி 15 மாதம் வரை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கால் மடங்குகிறதே என்று பலர் கேட்டார்கள். அவள் சம்மணம் போட்டுச் சுகமாகத் தூங்கினாள். ஒன்று மட்டும்: ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் இப்படி வைக்கவே கூடாது.

சித்திரை வெயில்தான் பெரும்பாடு. நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் தொடை சுடும் அளவுக்குக் காயும். வண்டியை நிறுத்தும்போது வெள்ளைத் துண்டு போர்த்திவிட்டு, ஏறும்போது எடுத்துவிடுவோம். வியர்வைக்கென்று தனியாகக் குஷன் போடவில்லை. அது பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விடும். உறையை மெஷினில் துவைக்கலாம், பட்டையை ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வீட்டுக்காரர்கள் பார்க்கிங்கில் கூடி அவரவர் சீட்டை ஆட்டிப் பார்த்தோம். நாலு ஆடியது! 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம். அங்கிருந்த பாதிப்பேருக்கு இது தெரியாது. அதே பெற்றோர் இப்போது ப்ளே ஸ்கூல் வேனில் பெல்ட் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை; அடுத்த வாரம் நேரில் போகிறோம்.

18 கிலோ ஆனதும் அவள் பூஸ்டருக்கு, அதாவது கார் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கைக்கு, மாறுவாள். கீழ்வீட்டுத் தம்பதி இந்த சீட்டைக் கேட்டிருக்கிறார்கள். விபத்தில் சிக்காத சீட் என்பதால் தைரியமாகக் கொடுப்பேன். அடியில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் காட்டிவிட்டேன், கையேடு சீட்டின் பையிலேயே இருக்கிறது.