தலைவலிக்கு எது: மாத்திரையா, தைலமா, மனப் பயிற்சியா?

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் அழுத்தும். மாடிப்படி ஏறினாலும் அதிகமாகாது, வாந்தி வராது. மன அழுத்தத் தலைவலி இப்படித்தான். ஒரு பக்கம் தெறித்து, வெளிச்சம் கூசி, குமட்டினால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. தூக்கக் குறைவு, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, குனிந்தபடி மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பது எல்லாம் மன அழுத்தத் தலைவலியைக் கிளப்பிவிடும்.

எப்போதாவது வரும் வலிக்கு மாத்திரைதான் வேகம். பெரியவர்களுக்கு பாராசிட்டமால் 1000 மி.கி. அல்லது ஐபுபுரூஃபன் 400 மி.கி. நான் முதலில் எடுப்பது பாராசிட்டமால். ஐபுபுரூஃபன் அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. காய்ச்சலும் சேர்ந்து டெங்கு சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது. பாராசிட்டமாலுக்கும் எல்லை உண்டு: ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. பல சளி மாத்திரைகளிலும் அது இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தைலத்தை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க மாட்டேன். 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் இரு பக்கப் பொட்டிலும் தடவியது 1000 மி.கி. பாராசிட்டமாலுக்கு நிகராக வலியைக் குறைத்ததாக 1996இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று சொன்னது. கடைத் தைலம் அதே கரைசல் அல்ல. ஆனாலும் வயிற்றுப் புண்காரர்களுக்கு அதை முதலில் தடவிப் பார்க்கச் சொல்வேன். கைக்குழந்தை முகத்தில் மட்டும் வேண்டாம்.

மாதத்தில் எத்தனை நாள் வலி வருகிறது என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். 15 நாளோ அதற்கு மேலோ இந்த மாத்திரைகளைப் போட்டு, அது மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கஃபீன் கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே அதிகம். தினமும் ஒன்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு மெதுவான வழிதான் சரி. மருத்துவர் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தருவார்; மனச்சோர்வுக்கான மருந்துதான், இங்கே வலி வராமல் தடுக்க. வாய் உலரும், தூக்கம் வரும். அதோடு தசை தளர்த்தும் பயிற்சி, அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள் மருந்தால் மட்டும் 38 சதவீதம், பயிற்சியால் மட்டும் 35, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையால் 29. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது 64. அதனால் இங்கே என் ஓட்டு இரண்டுக்கும் சேர்த்தே.

திடீரென இடி விழுந்ததுபோல வலித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் மரத்தால், பேச்சு குழறினால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், உடனே 108ஐ அழையுங்கள்.