எடோ காலத்து எழுதுகருவிப் பெட்டி என்ற பெயரில் பிளாஸ்டிக்: வாங்குவோர் கவனத்துக்கு

மைக்கட்டியை உரைக்கும் மைக்கல், மைக்கட்டி, தூரிகை, நீர்ச்சொட்டுக் குடுவை ஆகியவற்றை வைப்பதற்காக ஜப்பானியர் செய்த சுஸுரிபாக்கோ என்னும், உருஷி மரத்தின் பாலால் பூச்சிட்ட பெட்டிகளை இணையத்தில் வாங்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன். கியோட்டோவைச் சேர்ந்த பழம்பொருள் வணிகர் ஒருவர் எடோ காலத்தைச் (1603–1868) சேர்ந்த 18ஆம் நூற்றாண்டுப் பெட்டி என்று உறுதியளித்து, என்னிடம் 1,80,000 யென் பெற்றுக்கொண்டு அனுப்பியது, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டி.

மூடியில் நிலவும் இலையுதிர்காலப் புற்களும், உள்ளே கஜிகாவா என்ற கையொப்பமும் இருந்தன. அதை வைத்துக் காக்கும் உறையாக வந்த கிரி (பவுலோனியா) மரப்பெட்டி மட்டும் உண்மையிலேயே பழையது. மேலே தூரிகையால் எழுதிய எழுத்துகளும் பழையவையே. வஞ்சகம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் ஒரு கலைப்பொருளின் நம்பகத்தன்மைக்கு அதன் மரப்பெட்டியையே பலரும் சான்றாகக் கொள்வதால், உரிய பொருளை இழந்து தனியாகக் கிடக்கும் பழைய மரப்பெட்டிக்குள் வேறொன்றை வைத்து விற்பது எளிதாகிவிடுகிறது. எனக்கு வந்த சுஸுரிபாக்கோ அந்த மரப்பெட்டிக்குள் இருபுறமும் விரல் நுழையும் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. தனக்கென்றே செய்த பெட்டியில் எந்தப் பொருளும் அப்படி ஆடாது.

இத்தகைய பெட்டிகளை அழகுபடுத்தும் மாக்கியே என்பது, ஈரமான உருஷி மரப்பாலால் வரைந்த கோலத்தின் மேல் பொன்தூளைத் தூவி, ஈரப்பதம் மிக்க அடைப்பில் இறுக வைத்து, மீண்டும் பூசித் தேய்க்கும் நெடிய வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பொன்துகள்கள் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடப்பதும், கோட்டின் ஓரங்களில் அவற்றின் அடர்த்தி மெல்லக் குறைவதும் தெரியும். என் பெட்டியிலோ புல்லின் ஓரம் முழுவதும் வலைத்துணியின் கண்கள் போன்ற சீரான பற்கள் தெரிந்தன. அது வலைத்துணி வழியாக மையை அழுத்திப் பதிக்கும் திரை அச்சு. மைக்கல்லை எடுத்துப் பார்த்தபோது அது இருந்த இடத்தில், பெட்டியின் உட்புறத்தில், சிறிய வட்டத் தழும்புகள் இருந்தன. வார்ப்பு அச்சிலிருந்து பொருளை வெளியே தள்ளும் ஊசிகள் பதிக்கும் அடையாளம் அது. மரத்தில் செய்த பெட்டியில் அதற்கு இடமே இல்லை. முனைகளில் இருந்த 'தேய்மானம்' கை படாத உள்மூலையிலும் அதே அளவில் காணப்பட்டது. பழைய பெட்டியின் முனை உண்மையாகத் தேய்ந்தால், பூச்சுக்கு அடியில் உள்ள மண்கலவையோ துணியோ மரமோ வெளிப்படும்.

கஜிகாவா என்பது, எடோ காலத்தில் ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஆட்சியாளர்களுக்குப் பணிபுரிந்த கைவினைஞர் மரபு. பல தலைமுறையினர் அதே பெயரில் ஒப்பமிட்டனர், போலி ஒப்பங்களும் ஏராளம். ஆகவே அந்தப் பெயர் இருப்பது மட்டுமே எதையும் மெய்ப்பிக்காது.

படங்களுடன் நான் எழுதியபோது, தம் விளம்பரத்தில் 'எடோ பாணி' என்றுதான் குறிப்பிட்டதாக வணிகர் பதிலளித்தார். நான் பணம் செலுத்திய நாளில் 'எடோ காலம்' என்றே இருந்தது. அப்பக்கத்தை அன்றே சேமித்து வைத்திருந்தேன். அதை அனுப்பிய பிறகு, பொருள் திரும்பப் பெறப்படாது என்ற ஒற்றை வரிக்கு மேல் எந்தப் பதிலும் வரவில்லை. விளம்பரத்தின் சொல்லை விற்ற பின் மாற்றுவது கவனக்குறைவு அன்று, திட்டமிட்ட ஏமாற்று என்பதே என் முடிவு.

இவ்வகைப் பெட்டியை வாங்குமுன், மைக்கல்லை நீக்கிய உட்புறம், அடிப்பாகம், மூடியின் ஓரம் ஆகியவற்றின் அண்மைப் படங்களையும், பொருளை அதன் மரப்பெட்டிக்குள் வைத்து எடுத்த படத்தையும் கேளுங்கள். காலத்தையும் மூலப்பொருளையும் குறிப்பிட்டு, தவறானால் திரும்பப் பெறுவதாக எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் பழம்பொருள் வணிகத்துக்கு மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பெற்ற உரிம எண்ணையும் கேளுங்கள். அது பொருளின் மெய்மைக்குச் சான்று ஆகாது என்றாலும், முறையிட ஓர் இடத்தைக் காட்டும். மென்மையான வெளிச்சத்தில் தொலைவிலிருந்து எடுத்த படங்களை மட்டும் காட்டும் அந்த வணிகர், நிலவும் புற்களும் கொண்ட இன்னொரு பெட்டியை இப்போதும் 'எடோ காலம்' என்றே விற்பனைக்கு வைத்திருக்கிறார்.