விடுதியில் மாலை வகுப்பு என்று நம்பி 68,000 ரூபாயை இழந்தோம்: வேலூர்ப் பக்கம் பொறியியல் சேருவோர் கவனத்திற்கு

நேற்று மாலை கல்லூரியின் கணக்குப் பிரிவில் கடைசிப் பதிலைச் சொல்லிவிட்டார்கள்: "அந்தப் பணம் திரும்ப வராது, தம்பி." ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இரவோடு இரவாக இதை எழுதுகிறேன். வேலூரை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, விடுதிக்கென்று எங்களிடம் வாங்கிய தொகை 68,000 ரூபாய். நான் இன்னும் அங்கேதான் படிக்கிறேன் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா தறியில் லுங்கி நெய்கிறார். கலந்தாய்வில் இடம் கிடைத்து, முதல் பட்டதாரி சலுகையும் சேர்ந்ததால், கல்விக் கட்டணத்தை எப்படியோ சமாளித்துவிட்டோம். காட்பாடிக்கு ரயில் இருக்கிறது, தினமும் போய்வரலாம் என்றுதான் வீட்டில் முடிவு செய்திருந்தோம். சேர்க்கை நாளன்று அலுவலகத்தில் இருந்த அம்மையார் அப்பாவை உட்காரவைத்து, எலுமிச்சைச் சாறு வரவழைத்துக் கொடுத்து, என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணின் மேல் விரலை வைத்து, "ஐயா, தம்பிக்குக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. முதலாண்டில் பையன்கள் விழுவது இந்தப் பாடத்தில்தான். எங்கள் விடுதியில் மாலை 6 முதல் 9 வரை பேராசிரியர்களே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். முதலாண்டுக்கு விடுதி கட்டாயமும்கூட" என்றார். அவர் சொன்னதில் என் மதிப்பெண் ஒன்றுதான் உண்மை. அதை வைத்தே மற்றதையும் நம்பிவிட்டோம்.

பிறகு தரைத்தளத்தில் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். மூன்று கட்டில்கள், உறை பிரிக்காத மெத்தைகள், புது மின்விசிறி. அப்பா மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வாரமே அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. அறை வாடகை 45,000, உணவு முன்பணம் 18,000, காப்புத்தொகை 5,000, ஆக 68,000 ரூபாய். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். அப்போதாவது எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வகுப்புகள் தொடங்கிய முதல் நாள் இரவு எங்களை வேனில் ஏற்றிக் கல்லூரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பழைய வீட்டில் இறக்கிவிட்டார்கள். நாங்கள் பார்த்த அறை, பெற்றோருக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் அறையாம். மூன்று பேருக்கான அறையில் ஏழு பேர், 22 பேருக்கு இரண்டு கழிப்பறை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரைத்தான் குளிக்கவும் துணி துவைக்கவும் விட்டார்கள். வாளியின் உட்புறம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிந்தது. இவற்றையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

பொறுக்க முடியாதது அந்த மாலை வகுப்பு. ஏழு வாரங்களில் ஒரு நாள்கூட ஒரு ஆசிரியரும் வரவில்லை. ஆனால் இரவு எட்டரை மணிக்கு வார்டன் ஒரு நீளமான பதிவேட்டை எடுத்து வருவார். நாங்கள் வரிசையாகக் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'ஆசிரியர் கையொப்பம்' என்ற கட்டத்தில் அந்த மாதம் முழுவதற்கும், இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து, ஒரே பச்சை மையில் ஒரே கையெழுத்து போட்டிருந்தது. அதற்குக் கீழே எங்கள் பெயர்கள். நடக்காத வகுப்புக்கு நாங்களே சாட்சிக் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பகலில் கல்லூரியிலும் இதே கதைதான். கணக்குப் பாடத்துக்கு முதல் ஐந்து வாரம் ஆளே இல்லை. ஆறாவது வாரம் வந்தவர் செல்பேசியைப் பார்த்துக் கணக்கைப் பலகையில் எழுதிப்போட்டார். அணிகள் பாடத்தில் வரும் ஐகன் மதிப்பை எதற்காகக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒருவன் கேட்டதற்கு, "தேர்வுக்கு வரும், எழுதிக்கொள்" என்றார். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் நான் வாங்கியது 100-க்கு 23. முதலாண்டுக்கு விடுதி கட்டாயம் என்பதும் பொய்தான். என் வகுப்பிலேயே ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தினமும் வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

விடுதியைக் காலி செய்துவிட்டு, தங்கிய ஏழு வாரத்துக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார் வார்டன். கணக்குப் பிரிவைக் கேட்கச் சொன்னது அலுவலகம். சேர்மன் ஊரில் இல்லை என்றது கணக்குப் பிரிவு. அப்பா தறியை நிறுத்திவிட்டு நான்கு முறை வந்தார். நான்கு முறையும் வெளியில் இருந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். எலுமிச்சைச் சாறு கொடுத்த அம்மையார் எங்களைக் கண்டதும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கடைசியில் நேற்று, எங்கள் ரசீது ஓர் அறக்கட்டளையின் பெயரில் 'பராமரிப்புப் பங்களிப்பு' என்று போடப்பட்டிருப்பதால் அது கல்லூரிக் கணக்கிலேயே வராது என்று சொல்லிவிட்டார்கள். காப்புத்தொகை 5,000 ரூபாய்கூட இல்லையாம். அப்பா குரலை உயர்த்தியபோது, "பையனுடைய அசல் சான்றிதழ்கள் எங்களிடம்தானே இருக்கின்றன" என்றார் ஒருவர். படிப்பையே விட்டுப் போகிற மாணவரின் அசல் சான்றிதழைக்கூடப் பிடித்துவைக்கக் கூடாது என்பது, பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அதை எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

சேரப்போகிறவர்களுக்கு விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன்; கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஒதுக்கப்போகும் அறையையே காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். ரசீதில் 'விடுதிக் கட்டணம்' என்ற சொல்லும் கல்லூரியின் பெயரும் இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

வருகிற திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில், குறைதீர் கூட்டத்தில் அப்பாவும் நானும் மனு கொடுக்கப் போகிறோம். இதே 'பராமரிப்புப் பங்களிப்பு' ரசீது யாரிடமாவது இருந்தால், அதன் நகலோடு காலை பத்து மணிக்கு அங்கே வாருங்கள்.