கிளிநொச்சி நகைக்கடையில் பெட்டி போட்ட பவுண் காசு: என்ன விலை நியாயம்?

ஏ9 வீதியோரக் கடை. கண்ணாடிக்குள்ளே 1913ஆம் ஆண்டுப் பவுண் காசு ஒன்று, ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்டது, காசுகளைச் சோதித்துத் தரம் போடும் அமெரிக்காவின் என்ஜிசி நிறுவனம் மூடி ஒட்டிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்தது. விலை கேட்டால் அன்றைய பவுண் விலையில் ஒன்றரை மடங்கு. "கிரேட் பண்ணின காசு அண்ணை, வெளியில இதுக்கு நல்ல விலை" என்றார் கடைத் தம்பி. நிறை எவ்வளவு என்று கேட்டதுதான் தாமதம், பின்னால் இருந்த பத்தர் ஐயா குறடோடு எழும்பி வந்துவிட்டார். "உடைச்சால்தானே தம்பி நிறை தெரியும். உரைச்சுப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ரொறன்ரோவில் ஒரு நாணயக் கடையில் இப்படிக் குறடு எடுத்தால் கடையே கூடிவிடும். அங்கே முன்கூட்டியே நேரம் எடுக்க வேணும், காசைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தரவும் மாட்டார்கள். இங்கே கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பவுண் காசைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு. குறட்டுக்கு மட்டும் இல்லை.

ஆனால் லேபிளை ஒழுங்காக வாசித்தால் ஐயாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதில் தர எண்ணே இல்லை. ‘ஏயூ டீட்டெய்ல்ஸ், மவுண்ட் ரிமூவ்ட்’ என்று மட்டும் இருந்தது. ‘ஏயூ’ என்றால் கிட்டத்தட்டப் புழங்காதது, ‘டீட்டெய்ல்ஸ்’ என்றால் பழுது உண்டு. தாலிக்கொடியிலோ சங்கிலியிலோ வளையம் ஒட்டிப் போட்டிருந்த காசு, பிறகு வளையத்தைக் கழற்றி அராவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விளிம்பில் மன்னர் தலைக்கு நேர் மேலே பார்த்தால் பற்றாசு வைத்த தடம் தெரியும். அந்த இடத்தில் விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய காசுகளில் நிறைய இப்படித்தான். காசு அசல், ஆனால் பழுது பட்டது என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பதுதான் எரிச்சல். 1913 ஏராளமாக அச்சிட்ட ஆண்டு. சாதாரண ஆண்டில் டீட்டெய்ல்ஸ் காசின் விலை தங்க விலைதான், பெட்டிக்கு ஒரு சதமும் இல்லை.

தங்க விலையைக் கணக்குப் பார்ப்பது வெளிநாட்டில் ஒரு வேலை: அவுன்ஸ் விலையை 31.1035 ஆல் பிரித்து, காசில் உள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராமால் பெருக்க வேணும். வன்னியில் அந்தத் தலையிடியே இல்லை. கடைப் பலகையில் எழுதியிருக்கும் 22 கரட் பவுண் விலை 8 கிராமுக்கு, காசு 7.988 கிராம், அதுவும் 22 கரட். வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்றரை. அதனால் பலகை விலையே காசின் உலோக விலை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது கடை விற்கும் விலை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு வெட்டித்தான் தருவார்கள்.

நியாய விலை இந்த இடைவெளிக்குள்தான். விற்கிறவருக்கு உள்ளூரில் கிடைக்கக்கூடியது பலகை விலையில் கழிவு போன மிச்சம். வாங்குகிறவர் கனடாவிலோ இலண்டனிலோ அதே சாதாரண ஆண்டுக் காசை உலோக விலைக்குச் சில வீதம் மேலே கொடுத்து, திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு வாங்கலாம். அதைவிடக் கூடக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

லேபிளில் எண் இருந்தால் கதை வேறு. காசின் தரத்தைச் சொல்லும் ஷெல்டன் அளவுகோல் 1 முதல் 70 வரை. 60இலிருந்து மேலே எம்எஸ், அதாவது புழங்காத காசு. 58 என்றால் மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்வு. சாதாரண ஆண்டுப் பவுணில் 58க்கும் 62க்கும் விலையில் பெரிய தூரம் இல்லை. 64, 65 என்று போகும்போதுதான் ஏறும், அதுவும் அந்த ஆண்டிலும் காசு அடித்த அச்சகத்திலும் அந்தத் தரத்தில் எத்தனை காசு பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து. அந்தக் கணக்கை நிறுவனங்களின் தளத்தில் பார்க்கலாம். பெட்டியை உடைத்து ஒரே காசை மறுபடி அனுப்பும் ஆட்களால் அந்த எண்ணிக்கை ஊதியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கோ.

விலைப் பட்டியலைப் பார்த்துப் பேரம் பேசாதீர்கள். அது கடைக்காரர் கேட்கும் விலைக்குக் கிட்ட. ஏலத்தில் உண்மையாக விற்ற விலையை எடுங்கள்: அதே ஆண்டு, அதே அச்சகம், அதே தர எண், அதே நிறுவனம். நாலைந்து விற்பனையை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் போதும். ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அறவிடும் தரகு அந்தத் தொகைக்குள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். விற்றவர் கையில் போனது அதைவிடக் குறைவு, ஊர்க் கடையில் அந்தத் தரகு உங்களுக்கு ஏன்?

அச்சக எழுத்து காசின் பின்பக்கத்துக் குதிரையின் காலடித் தரையில், ஆண்டுக்கு மேலே நடுவில் இருக்கும். எழுத்து இல்லை என்றால் இலண்டன். ‘ஐ’ என்றால் பம்பாய், 1918 மட்டும். ‘சி’ என்றால் ஒட்டாவா. அதில் 1908ஆம் ஆண்டுக்கு அச்சிட்டது வெறும் 636. இலண்டன் 1917உம் அரிது, அதனால் போலியும் உண்டு. "1917 காசு, அருமையானது" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த எழுத்தைத் தேடுங்கள். எழுத்து இருந்தால் அது அந்த இலண்டன் காசு இல்லை.

பெட்டியும் போலியாக வரும். புதிய லேபிளில் உள்ள கியூஆர் குறியைத் தொலைபேசியால் பிடித்தால் நிறுவனத்தின் பதிவுப் பக்கம் திறக்கும். பெட்டி எண் சரி என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள், போலிக்காரர் உண்மையான எண்ணைத்தான் போடுவார்கள். பதிவில் படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேணும். பெட்டியோடு நிறுப்பதால் பயனில்லை. நகைக்கடைக் கரட் மெஷின் பிளாஸ்ரிக்குக்கு ஊடாகச் சரியாக வாசிக்காது. மின்கடத்தலை அளக்கும் சிக்மா வகைக் கருவி வாசிக்கும், ஆனால் நாங்கள் போன கடைகளில் அது இல்லை.

பெட்டி இல்லாத காசு என்றால் பத்தர் ஐயாதான் ராசா. மில்லிகிராம் தராசில் 7.94 கிராமுக்கும் 7.99 கிராமுக்கும் இடையில் நிற்க வேணும். பழைய பிரிட்டிஷ் சட்டப்படி 7.938க்குக் கீழே போனால் புழக்கத்துக்கு ஆகாது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஏறக்குறைய 0.45 கிராம் குறைந்து காட்டும். வெள்ளிக்கோ பித்தளைக்கோ தங்க முலாம் பூசியிருந்தால் அங்கேயே பிடிபடும். விட்டம் 22.05 மில்லிமீற்றர், தடிப்பு 1.52. கல்லில் உரைக்க விடாதீர்கள், அந்தக் கீறலே காசைக் குறைக்கும். மினுக்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஒன்று மட்டும் தராசுக்கும் கல்லுக்கும் அகப்படாது: 1950களில் பெய்ரூத்தில் அடித்த போலிகள். தங்கம் சரியாக இருக்கும், எழுத்தும் விளிம்பு வரியும்தான் மொழுக்கென்று இருக்கும். உலோக விலைக்கு வாங்கினால் நட்டமில்லை, அதற்கு மேலே என்றால் நட்டம்.

பற்றுச்சீட்டு இன்னொரு தொல்லை. ‘22 கரட் காசு 1’ என்று எழுதிக் கிழித்துத் தந்தார்கள். ஆண்டு, அச்சக எழுத்து, பெட்டி எண், நிறை நாலையும் கேட்டு எழுதுவியுங்கள். முகம் சுளித்தாலும் எழுதித் தருவார்கள்.

கிணறு வெட்டும்போது வந்தது என்று நந்தி போட்ட, யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசோ ஒல்லாந்தர் துட்டோ காட்டினால் விலையே பேசாமல் விட்டுவிடுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை இலங்கைச் சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பெட்டிக்குள் இருந்தாலும் அதே சட்டம்தான்.