சர்க்கரைக்காரர்களைக் குறிவைக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் ஜூஸ்: கொஞ்சம் உஷார்

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பாவிடம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கறந்து, கடைசியில் அவரை ஐசியு வரை கொண்டுபோய் விட்டது, நோனி என்ற பழத்தின் ஜூஸை 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று சொல்லி விற்கும் ஒரு கூட்டம். கம்பெனி பெயரைப் போடவில்லை. இவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஊரில் கடை விரிப்பார்கள். ஆட்டம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆட்டம் கல்யாண மண்டபத்தில் ஆரம்பிக்கிறது. 'இலவச முழு உடல் பரிசோதனை முகாம்' என்று நோட்டீஸ். உள்ளே போனால் ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் தடித்த பேனா அளவில் ஓர் உலோகக் குச்சி. பெயர், வயது, உயரம், எடை கேட்டுத் தட்டிக்கொள்கிறார்கள். குச்சியை ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். ரத்தம் இல்லை, யூரின் இல்லை. கிட்னி, கணையம், கண் நரம்பு என்று கட்டுக் கட்டாக ரிப்போர்ட் வருகிறது. பெரியப்பாவுக்கு 'ஆன்டி ஆக்ஸிடன்ட் மிகக் குறைவு, ஃப்ரீ ரேடிக்கல் மிக அதிகம்' என்று வந்தது. ஃப்ரீ ரேடிக்கல் என்பது செல்களைக் கெடுக்கும் ஒரு வகை மூலக்கூறு, ஆன்டி ஆக்ஸிடன்ட் அதை அடக்கும் பொருள். பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், பின்னால் இன்னொரு முகாமுக்குப் போய்த் தன் வயதை 58 என்று சொல்லிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தலை நரைத்திருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. மூட்டுத் தேய்மானம், எலும்பு பலவீனம், புராஸ்டேட் என்று 58 வயதுக்குரிய வியாதியெல்லாம் வரிசையாக வந்தது. குச்சி எதையும் பார்ப்பதில்லை. தட்டிய வயதும் எடையும்தான் ரிப்போர்ட்டாகத் திரும்பி வருகின்றன.

அடுத்தது மேடை வித்தை. கூட்டத்தை மயக்குவது இதுதான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து சில சொட்டு. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுகிறது. "இதுதான் அய்யா சர்க்கரைக்காரங்க ரத்தம். நச்சு, ஃப்ரீ ரேடிக்கல் எல்லாம் சேர்ந்து இப்படி இருக்கு." ஜூஸை ஊற்றிக் கலக்கியதும் பழுப்பு நிறம் போய்த் தண்ணீர் தெளிகிறது. மண்டபமே கை தட்டுகிறது. பெரியம்மா அதை போனில் வீடியோ எடுத்து வந்து எங்களுக்கெல்லாம் காட்டினார்.

விஷயம் இவ்வளவுதான்: விட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிடும், அயோடைடுக்கு நிறம் கிடையாது. எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் இதே வித்தை நடக்கும். மெடிக்கல் ஷாப்பில் விற்கும் விட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டாலும் நடக்கும். கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் ஹைப்போ உப்பைப் போட்டால் இன்னும் வேகமாக நிறம் போகும். அதற்காக ஹைப்போவைக் குடிப்போமா? எங்கள் வீட்டுச் சமையலறையில் எலுமிச்சையை வைத்துச் செய்து காட்டிய பிறகுதான் பெரியம்மா நம்பினார். அதற்குள் இரண்டு பெட்டி ஜூஸ் வந்திறங்கியிருந்தது.

இவர்கள் பேச்சு முழுப் பொய்யாக இருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். பாதி உண்மை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் செல்களுக்குள் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம், அதாவது ஃப்ரீ ரேடிக்கல்களின் தாக்குதல், கூடுகிறது, கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சின்ன ரத்தக்குழாய்கள் கெடுவதில் அதற்குப் பங்கு உண்டு என்பது ஆராய்ச்சியில் வந்த விஷயம்தான். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லி இதை விளக்கிப் பெரிய பெயர் வாங்கினார். கேள்வி அதற்கு அப்புறம்தான்: வெளியிலிருந்து ஆன்டி ஆக்ஸிடன்ட் கொடுத்தால் அந்தக் கெடுதல் நிற்கிறதா? மேடையில் அதற்கான பதில் மட்டும் வராது.

அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹோப் என்ற பெரிய ஆய்வில் 3,600-க்கும் அதிகமான சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 400 யூனிட் விட்டமின் ஈ, நாலரை ஆண்டுகள். மாரடைப்பும் குறையவில்லை, சிறுநீரகப் பாதிப்பும் குறையவில்லை. அதே ஆய்வில் ராமிப்ரில் என்ற சாதாரண பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இரண்டுமே குறைந்தன. பிரிட்டனில் 20,536 பேருக்கு விட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். ரத்தத்தில் விட்டமின் ஏறியது, நோய் குறையவில்லை. செடி கொடியிலிருந்து எடுக்கும் சத்துகளில் எலிகளுக்கும் கொஞ்சம் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்த சின்ன ஆய்வுகள் ஏராளம். அதை வைத்துக்கொண்டு 'டயாலிசிஸே வராது' என்று ஒரு மனிதரிடம் சத்தியம் செய்ய முடியாது. நெல்லிக்காய், கீரை, மஞ்சள் எல்லாம் சாப்பாட்டில் தாராளமாகச் சேருங்கள், எனக்கு அதோடு சண்டை இல்லை.

இந்தக் கூட்டத்தின் சாமர்த்தியம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. 'சுகரைக் குணப்படுத்துவோம்' என்றால் மறுநாளே மீட்டரில் குத்திப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிடலாம். 'கண் போகாது, கிட்னி கெடாது' என்று சொன்னால் பத்து வருஷம் கழித்துத்தான் கணக்கு தெரியும். அதுவரை பாட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

பெரியப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. யூரினில் புரதம் போக ஆரம்பித்து, கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.6-ல் நின்றது. டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இவர்களுடைய 'லீடர்' முதலில் 30 மில்லி குடிக்கச் சொன்னார், அப்புறம் மூன்று வேளை 100 மில்லி என்று ஏற்றினார். கூடவே தினம் இளநீர். "இங்கிலீஷ் மருந்து தான் அய்யா கிட்னியைக் கெடுக்குது" என்று சொல்லி மெதுவாகச் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்த வைத்தார். கால் தளர்ந்து, உடம்பு ஓய்ந்து போனபோது போனில் வந்த பதில்: "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி, டோஸைக் கூட்டுங்க."

மருத்துவமனையில் பொட்டாசியம் 6.4 என்று வந்தது. ஐந்தரைக்கு மேலே போனாலே ஆபத்து. இதயத் துடிப்பு எந்த நேரமும் குழம்பலாம். ஈசிஜி பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன சாப்பிடுறீங்க அய்யா?" பெரியம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். நோனியில் பொட்டாசியம் ஆரஞ்சு ஜூஸில் இருக்கும் அளவுக்கு உண்டு. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு நோனி குடித்துப் பொட்டாசியம் ஏறியதை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 2000-லேயே பதிவு செய்திருக்கிறது. ஜூஸ் மட்டும் தனியாக இதைச் செய்திருக்காது என்றும் டாக்டர் சொன்னார். பழுதான கிட்னி பொட்டாசியத்தை வெளியேற்றாது, டெல்மிசார்டன் அதை இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்கும், மாத்திரை நின்று சர்க்கரை எகிறியதும் செல்லுக்குள் இருந்த பொட்டாசியமும் ரத்தத்துக்கு வந்துவிடும். அதன் மேல் ஜூஸும் இளநீரும். நல்லவேளை, டயாலிசிஸ் வரை போகாமல் மீண்டு வந்தார். கிரியாட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஆகவே கிட்னி கொஞ்சம் பாதித்தவர்கள் எந்த மூலிகை ஜூஸையும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். கிட்னி, கண், காலைக் காப்பாற்ற நிரூபணமான வழிகள் இருக்கின்றன: சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை யூரின் அல்புமின், கிரியாட்டினின், கண் விழித்திரை, கால் பரிசோதனை. டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகின்றன என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. ஜெனரிக்கில் அதன் மாதச் செலவு ஒரு பாட்டில் ஜூஸ் விலைகூட வராது. உங்களுக்கு ஒத்து வருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

பணத்தைக் கேட்டுப் போன அண்ணனுக்கு "சீல் உடைச்ச பாட்டில் ரிட்டர்ன் கிடையாது" என்று பதில். சீல் உடைக்காத பாட்டில்களுக்கு, "நாலு பேரைச் சேர்த்துவிடுங்க, போட்ட பணம் தானா வந்துடும்." ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிடு திட்டங்களை 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. சர்க்கரை நோயைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம்.

ஒரு யோசனை: பாட்டிலை மட்டும் நம்பிப் புகார் கொடுக்காதீர்கள். அதன் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். முகாம் நோட்டீஸ், குச்சி ரிப்போர்ட், லீடர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 'மாத்திரையை நிறுத்துங்க' என்று சொன்னது அந்த வாய்ஸ் மெசேஜில்தான் இருக்கிறது.