கார்வெட் ஜட்ஜிங்: ஒரிஜினல் ஹோலியா, மறுபடி எண் அடித்ததா, சர்வீஸ் மாற்றா?

1967 கார்வெட் (செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார்), 427 கன அங்குல எஞ்சின், 435 குதிரைத்திறன், மேலே வரிசையாக ஹோலி கம்பெனியின் மூன்று கார்புரேட்டர். என் காரில் நடுவில் இருந்ததை யாரோ எப்போதோ மாற்றிவிட்டார்கள். கார் எவ்வளவு அசலாக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் என்.சி.ஆர்.எஸ். (கார்வெட் புதுப்பிப்போர் சங்கம்) ஜட்ஜிங்குக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும். கார் தயாரான தேதிக்குப் பொருந்தும் பழைய ஒரிஜினலைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கலாம். வேறு தேதியுள்ள ஒன்றை வாங்கி, எண்ணை அழித்து வேண்டிய தேதியை அடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், பிற்காலத்தில் உதிரிபாகமாக வந்த சர்வீஸ் மாற்று. நான் போனது முதல் வழியில். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

எண்ணைப் படிப்பது சுலபம். லிஸ்ட் எண் (ஹோலியின் மாடல் எண்) நடு கார்புரேட்டருக்கு 3660, முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு 3659. தேதி மூன்று எழுத்து: ஆண்டின் கடைசி இலக்கம், மாதம், மாதத்தில் எத்தனையாவது வாரம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு A, டிசம்பருக்கு B. ஆக 6B3 என்றால் 1966 டிசம்பர் மூன்றாம் வாரம். கார் தயாரான தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. காருக்குப் பிந்தைய தேதி என்றால் பேச்சே இல்லை.

சர்வீஸ் மாற்றைக் கண்டுபிடிக்கவும் இதுவே போதும். 1973 வாக்கில் ஹோலி நான்கு இலக்கத்துக்கு மாறியது: முதல் மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி இலக்கம் ஆண்டு. 1967 காரில் நான்கு இலக்கத் தேதி இருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். சில சமயம் லிஸ்ட் எண்ணின் வாலில் -1, -2 என்று திருத்த எண்ணும் ஒட்டியிருக்கும். ஆனால் சர்வீஸ் மாற்றை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஒரிஜினாலிட்டியில் வடிவமைப்பு, தேதி, முழுமை, பொருத்திய விதம், மேற்பூச்சு என்று ஐந்து அம்சம் பார்க்கிறார்கள். தேதியில் மதிப்பெண் போகும், மற்றவற்றில் ஓரளவு மீட்கலாம். விலையும் குறைவு, வண்டியும் ஒழுங்காக ஓடும். ஓட்டுவதற்கே கார் வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

மறுபடி எண் அடித்ததுதான் தகராறு. படத்தில் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். கையில் எடுத்து, லென்ஸும் சாய்த்துப் பிடித்த டார்ச்சுமாகப் பாருங்கள். ஆலையில் அடித்த எண் வார்ப்பின் சொந்தத் தோலில் பதிந்திருக்கும். எண்ணின் விளிம்பில் உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும். பழைய எண்ணை அழிக்க அந்த முகத்தைச் சீவியாக வேண்டும். சீவினால் அந்த இடம் சுற்றியுள்ளதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்துபோகும், ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். உலோகத்தின் மேலுள்ள தங்க நிற டைக்ரோமேட் பூச்சும் போயிருக்கும் என்பதால் முழு உடலுக்கும் மறுபடி பூசியிருப்பார்கள். மறுபூச்சு மட்டும் குற்றமில்லை, என்னுடையதற்கும் பூசினேன். பூச்சுக்கு அடியில் அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மதிப்பெண் இரண்டாம்பட்சம், விற்கும்போதுதான் இது கடிக்கும். விவரம் தெரிந்தவர் கார்புரேட்டரில் சீவிய முகத்தைப் பார்த்துவிட்டால், அடுத்து நேராக எஞ்சின் பிளாக்கில் எண் அடித்திருக்கும் முத்திரைத் திட்டுக்குப் போவார். அங்கே எஞ்சின் தயாரான டோனவாண்டா ஆலையின் T, மாதம், நாள், எஞ்சின் வகையைச் சொல்லும் பின்னொட்டு எல்லாம் அசலாகவே இருக்கட்டும், அதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஒரு துண்டுக்காகச் செய்த வேலை, முழுக் காரின் பேரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்வீஸ் மாற்றில் இந்தத் தொல்லை கிடையாது. அது தன்னை ஒளிப்பதில்லை, நாளைக்கே கழற்றி வேறு போடலாம்.

ஒரிஜினலும் சுகமான வழி இல்லை. விலை எகிறும், அதுவும் நடு கார்புரேட்டர் என்றால் விற்பவருக்கே தெரியும். மெயின் பாடி வளைந்திருக்கிறதா, திராட்டில் ஷாஃப்ட் ஆடுகிறதா, திருகு மரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டுக்கு புஷ் போட்டுவிடலாம், கொஞ்சம் வளைந்த முகத்தையும் சமன் செய்யலாம். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் பிளாக்கில் தனி எண் இருக்கும். அது மாறியிருந்தால் பேரம் பேச அதுவே நல்ல பிடி. தேதி பொருந்தும் ஒரிஜினல் எட்டாத விலையில் இருந்தால், சர்வீஸ் மாற்றோடு காத்திருப்பேனே தவிர எண் அடித்ததை வாங்கமாட்டேன்.

இதெல்லாம் ஹோலிக்கு. 1968 முதல் கார்வெட்டில் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் தேதி நாள் எண்ணாக இருக்கும்: 1239 என்றால் 1969-இன் 123-ஆம் நாள், மே 3. இன்னொரு வகையான கார்ட்டர் ஏ.எஃப்.பி. கார்புரேட்டரை நான் அதிகம் கையாண்டதில்லை. அதில் தேதி திருகில் மாட்டிய சிறு டேக்கில் இருக்கும், மாதத்துக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஓர் இலக்கம். புதிதாகச் செய்த டேக்குகள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன என்பதால், அங்கே டேக்கை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க எனக்குக் கை வராது.