பெயரைத் தேடினேன், பணம் போய்விட்டது

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

வீட்டுக்காரருடைய புல் வெட்டும் மெஷின் புகைந்து நின்றுவிட்டது. டவுன் கடையில் 900 வெள்ளி சொன்ன அதே மெஷினை ஃபேஸ்புக் விளம்பரத்தில் 480 வெள்ளிக்குப் போட்டிருந்தான். உள்ளே போனால் பளிச்சென்று வெப்சைட். மேலே தேசியக் கொடி, கீழே ஈப்போ முகவரி, மலாயில் புகழ்ந்து எழுதிய ஐந்து பேர். பணம் கட்டும் கணக்கு மட்டும் தனியாள் பெயரில் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கட்டினேன். ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. அக்கா மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். “சின்னம்மா, டொமேன், அதான் அந்த வெப்சைட் முகவரி, யார் பெயருல இருக்குன்னு பார்த்துடலாம்” என்றான். வெப்சைட் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பார்த்தால் பெயர், முகவரி, போன் எல்லாமே மறைத்திருந்தது. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து மூடிவிட்டார்கள். எஞ்சியது அந்த டொமேனை விற்ற பதிவு நிறுவனத்தின் பெயர், புகார் மின்னஞ்சல், பதிவான தேதி. அந்தக் கடை பிறந்து 11 நாள்தான் ஆகியிருந்தது!

விடாமல் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது: வாடிக்கையாளர் விவரம் உங்களுக்குத் தர முடியாது, போலீஸ் கேட்கட்டும்.

திங்கட்கிழமை போலீஸ் பாலாய்க்குப் போனேன். ரிப்போர்ட் எடுத்த தமிழ் சார்ஜன் சலித்துக்கொள்ளாமல் சொன்னார். போலீஸும் அதே நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டுச் சட்டமும் குறுக்கே வரும். 2023 நவம்பரில் ஐக்கான் இதற்கென்றே விண்ணப்ப வழி ஒன்று திறந்தது. ஆனால் பதிவு நிறுவனங்கள் அதில் சேருவது அவர்கள் விருப்பம், விவரம் தருவதும் அவர்கள் முடிவு. கிடைத்தாலும் ஏமாற்றுக்காரன் சொந்தப் பெயரையா கொடுத்திருப்பான்?

“அதெல்லாம் அப்புறம்கா. கட்டின உடனே மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிச்சீங்களா?”

அடிக்கவில்லை. பேங்குக்கும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு எண்ணை, ஏற்கெனவே மோசடிப் புகார் உள்ளதா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பார்க்கவும் இல்லை. இரண்டு நாள் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். பேங்கில் விசாரித்தபோது, சனிக்கிழமை காலையிலேயே பணத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நேற்று அந்த வெப்சைட்டைத் தேடினேன், இல்லை. அதே மெஷின், அதே ஐந்து பேர், வேறு பெயரில் இன்னொரு கடை ஓடுகிறது. பதிவுத் தேதி போன செவ்வாய்.